சொல்லிலிருந்து விழுந்த கால்

மதுரையில் அய்யம்பெருமாள் அண்ணாச்சியின் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்த நாட்களில்தான் எங்கள் ஊரில் மந்திரத்துக்குக் கண் திறந்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான், பிறகு அதோடு குடும்பம் நடத்தினோம், அதற்கும் பிறகுதான் வருத்தப்பட்டோம்.

எங்கள் ஊர் சடையன்மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அமாவாசைதோறும் மலையேறிச் சித்தர் குகையைக் கும்பிட்டு இறங்குகிற கூட்டம், முழங்கால் வலியோடு பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் சுண்டல் வாங்கும், மூலிகைத் தைலம் வாங்கும், அப்படியும் பொழுது போகாவிட்டால் புத்தகம் வாங்கும். வசியம், அஞ்சனம், எந்திரம், புதையல் இருக்கும் இடம் அறிதல், ஏவல் எடுத்தல் என்று மஞ்சள் அட்டையும் சிவப்பு எழுத்துமாகக் கயிற்றில் தொங்கும் அந்தப் புத்தகங்கள் எல்லாமே அண்ணாச்சியின் வாலை அச்சகத்தில் அச்சானவை. வாங்கிப்போன யாருக்கும் புதையல் கிடைத்ததில்லை, எந்தப் பெண்ணும் எவன் பின்னாலும் மயங்கி வந்ததில்லை, ஆனால் ஒருவரும் திரும்பி வந்து அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்ததுமில்லை. மந்திரம் பலிக்காவிட்டால் தன் விரதத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வது நம் ஜனங்களின் நல்ல குணம்.

குறை விரதத்தில் இல்லை. வாலை அச்சகத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சிற்பி சாமி சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பதுபோல, இவர்கள் மந்திரத்துக்குக் கடைசியாகக் கண்ணைக் கட்டுவார்கள். பிழையெல்லாம் திருத்திச் சுத்தமான தாள் கைக்கு வந்த பிறகு, அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மந்திரத்திலும் ஒரே ஓர் எழுத்தைக் கெடுப்பார். ஒரு புள்ளியைத் தூக்குவார், ஒரு கொம்பை ஒடிப்பார், ல் இருக்கிற இடத்தில் ள் வைப்பார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அதைச் செய்தார். குரு இல்லாமல் படிக்கிறவன் கெட்டுப்போய்விடக் கூடாது என்பது சொல்லுகிற காரணம்; யாராவது அதிகாரி வந்து கேட்டால் இது வெறும் தாள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம் என்பது சொல்லாத காரணம்.

இந்த வழக்கம் மங்கையர்க்கரசி டீச்சருக்குத் தெரியாது. அவர் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவர், தமிழில் எம்.ஏ. படித்தவர், அதற்கு முன் டுட்டோரியலில் பாடம் நடத்தியதால் ஊருக்கே டீச்சர். பிழையைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. ஒருமுறை துக்க வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் ‘கண்ணீர் அஞ்சளி’ என்று இருந்ததைக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் உள்ளே போய் அழுதார். அவருடைய கணவர் ஆவுடையப்பன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், அவர் நாக்கில் ழகரம் நிற்காது, ‘பளம்’ என்றால் ‘பழம்’ என்றும் ‘கெளக்கு’ என்றால் ‘கிழக்கு’ என்றும் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் திருத்தம் வாங்கியே அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார், கடைசியாக நோயில் விழுந்தபோது மகளிடம் மட்டும்தான் பேசினார். மகளுக்கு டீச்சர் வைத்த பெயர் இன்மொழி. வீட்டில் மொழி.

மொழி காலையில் மருந்துக் கடைக்குப் போவாள், சாயங்காலம் அம்மாவுக்கு மூலத்தை வாசித்துக் காட்டுவாள். அவள் பழைய தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, டீச்சர் புதிய தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். அந்தக் குரல் ஓர் எழுத்தைத் தாண்டினால் டீச்சரின் விரலும் ஓர் எழுத்தைத் தாண்டும். மொழி பெரிய வாயாடி, வாசிக்கிற இடைவெளியிலேயே கடைக்கு வந்த சண்டை, தெருவில் வந்த நாய், எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், சொன்னதில் இருக்கிற பிழைகளை டீச்சர் திருத்திக்கொண்டே இருப்பார். அப்பாவின் ழகரம்தான் மகளுக்கும் வந்திருந்தது.

ஆடி அமாவாசை நெருங்கியபோது பழைய மந்திரத் திரட்டு ஒன்று விற்றுத் தீர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை உடம்பு வேறு, ஒரு கண் ஆறி மறு கண் அறுத்து அதுவும் ஆறும்வரை மதுரையில் மகள் வீட்டிலேயே இருந்துவிட்டார். அங்கிருந்து போனில் சொன்னார்: “பழைய புஸ்தகத்த அப்பிடியே கம்ப்யூட்டர்ல அடிக்கச் சொல்லிருங்க டீச்சரம்மா. நீங்க ஒரு தடவ பாத்து அனுப்பிருங்க, போதும்.” பழைய பதிப்பில் கண் ஏற்கெனவே கட்டியிருக்கிறது, புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பது அவருடைய கணக்கு. கட்டின கண்ணை ஒருத்தர் பிழை என்று நினைத்து அவிழ்த்துவிடுவார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் அவிழ்த்தார். மொழி வாசிக்க வாசிக்க, ‘வாயே வாயில் நிள், நாவே நாவில் நிள்’ என்று வாய்க்கட்டு மந்திரத்தில் வந்த வரியில் பேனாவை நிறுத்தி, “நிள் என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது, மூலத்திலேயே பிழை, என்ன அச்சகமோ” என்று சொல்லிக்கொண்டே ‘நில்’ என்று திருத்தினார். புத்தகம் முழுக்க இப்படித் திருத்தம் பெற்றது. ஆனால் மற்ற மந்திரங்களுக்கு அமாவாசையில் பூத்த வெள்ளெருக்கும், ஆளில்லாத் தீவின் மண்ணும், இன்னும் வெளியில் சொல்லக் கூச்சமான பொருள்களும் வேண்டியிருந்தன. வாய்க்கட்டு மந்திரத்துக்கு ஒரு முழம் நூல் போதும். யார் வாயைக் கட்ட வேண்டுமோ அவர் முகத்தைப் பார்த்து மந்திரத்தைச் சொல்லி நூலில் ஒரு முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கட்டியது இட்லிக் கடை மாரிக்கனி. அவளுடைய மாமியார் மறுநாள் அடுப்படியில் நின்று வாயைத் திறந்தார், காற்று வந்தது, சத்தம் வரவில்லை; தெருவுக்கு வந்து திறந்தார், ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் வசவு வந்தது; திரும்ப உள்ளே போய் மருமகள் முன்னால் நின்றார், குரல் போய்விட்டது. சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்தார். ஒரு வாரத்துக்குள் இப்படிக் கஷாயம் குடிக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். கட்டினவர் முன்னால் மட்டும்தான் பேச்சு வராது, மற்றவர்களிடம் தாராளமாகப் பேசலாம் என்பது தெரிந்ததும் யாரும் பயப்படவில்லை. நூல் எந்தக் கடையில் நயமாக இருக்கும் என்றுதான் விசாரித்தார்கள்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். கணக்கு வாத்தியாரை வகுப்பு மொத்தமும் கட்டிவிட, அவர் கரும்பலகையில் மட்டும் எழுதிவிட்டு வாடிய முகத்தோடு மணியடிக்கக் காத்திருந்தார். வார்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசினார், பாதிப் பேருக்கு அவர் பேசுவது கேட்டது, மீதிப் பேருக்கு மைக்கில் கொசு பறக்கிற சத்தம் கேட்டது, இரண்டு தரப்பும் கைதட்டின. புருஷன் பெண்டாட்டி சண்டை நின்றது, சம்பந்திச் சண்டை நின்றது, காவல் நிலையத்தில் ஏட்டையா மதியம் தூங்கினார். பெண் பார்க்க வந்தவர்கள், காப்பி குடிக்கும் முன் இந்த வீட்டில் யாருக்கு யார் கட்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கட்டினவருக்கும் கட்டுப்பட்டவருக்கும் நடுவில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதற்கு ‘நடுவாய்’ என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த பேச்சியம்மாள் எங்கள் ஊரிலேயே நல்ல நடுவாய். அவள் வழியாக வருகிற வசவு பாதி தேய்ந்துதான் வந்து சேரும். “கட்டையில போறவன் எங்க போனான்” என்று ஒருத்தி கேட்டால், “சாப்பிட வரலையான்னு கேக்காக” என்று போய்ச் சொல்லுவாள்.

அதே புத்தகத்தில், அடுத்த பக்கத்தில், கட்டை அவிழ்க்கும் மந்திரமும் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. எங்கள் ஊர்ப் புத்தகங்களில் வாய்க்கட்டுப் பக்கம் கிழிந்து எண்ணெய் பட்டு மஞ்சள் அப்பியிருக்கும், அடுத்த பக்கம் அச்சகத்திலிருந்து வந்த வாசனையோடு அப்படியே இருக்கும்.

டீச்சர் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. தான் திருத்திய புத்தகம் இவ்வளவு நன்றாக விற்கிறதே என்ற பெருமை மட்டும் அவருக்கு இருந்தது. ஒரு சாயங்காலம் வாசிக்கும்போது மொழி ‘வாளைப்பளம்’ என்றாள், டீச்சர் திருத்தினார், அவள் மறுபடி அப்படியே சொன்னாள், டீச்சர் மறுபடி திருத்தினார், அவள் தாளை மடித்து வைத்தாள்.

“அப்பாவையும் இப்பிடித்தானம்மா செஞ்ச. வாயத் தெறக்க விட்டியா நீ அவரை?”

“நல்ல தமிழ் சொல்லிக்கொடுத்தது குற்றமா?”

“சாகுறதுக்கு முந்தின நாளு அப்பா ஒன்னப்பத்தி ஒரு வார்த்த சொன்னாரு. ஒனக்குத் தெரியுமா அது?”

“எனக்குத் தெரிய வேண்டாம்.”

“சொல்லத்தான் போறேன். இன்னைக்கு இல்ல, என் கோவம் ஆறட்டும். நீ காதப் பொத்தினாலும் சொல்லுவேன்.”

அன்றிரவு அவர்கள் இருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டீச்சர் யாருக்கும் பயந்தவர் இல்லை, ஆனால் செத்துப்போன மனிதர் தன்னைப்பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது, நாளையோ மறுநாளோ அது மகளின் வாயிலிருந்து எழுந்து வரும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அது நல்ல வார்த்தையாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை என்பதுதான் பாவம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொழி தலைக்குக் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் முகத்தைப் பார்த்து, எழுத்துச் சுத்தமாக மந்திரத்தைச் சொல்லி, புடவையில் தொங்கிய ஒரு நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

மொழி எழுந்து, “காப்பி” என்று கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அம்மாவைப் பார்த்தாள். ஊரெல்லாம் நடப்பது அவளுக்குத் தெரியாதா? அழவில்லை, முறைக்கவும் இல்லை, தானே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

முதலில் டீச்சருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு தாளை எடுத்தால் வாசிக்கக் குரல் இல்லை. ஒரு கண் மூலத்திலும் ஒரு கண் புதிதிலுமாக அலைந்து அலைந்து பார்த்ததில் வரிகள் விட்டுப்போயின, கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் பெயரே விட்டுப்போயிற்று. தெருமுனையில் மகளின் சிரிப்புக் கேட்கும், ‘பளம்’ கேட்கும், இவர் திரும்பினதும் அறுந்துபோகும். வீட்டில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் செருப்புச் சத்தமும் மட்டுமே மகளாக இருந்தன. பயந்த அந்த வார்த்தையையே கொஞ்சம் கொஞ்சமாக டீச்சர் ஆசைப்பட ஆரம்பித்தார். எதுவாக இருந்தால் என்ன, அவர் சொன்னது, இவள் வாயால் வரட்டும். வெட்கத்தை விட்டுப் பேச்சியம்மாளை நடுவாயாக அனுப்பினார்.

போன வேகத்தில் பேச்சியம்மாள் திரும்பி வந்தாள். “அது நடுவாய் வழியாப் போற பேச்சு இல்லையாம் டீச்சர்.”

“எழுதியாவது கொடுக்கச் சொல்.”

பேச்சியம்மாள் அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வசவைத் தேய்த்துக் கொடுக்கிற அவளுக்கும் இதைத் தேய்க்கத் தெரியவில்லை. “எழுதிக் குடுத்தா, செவப்பு மையில திருத்திக் குடுப்பாகன்னு சொல்லுது புள்ள.”

அந்த வாரம்தான் டீச்சர் ஊரில் யாரும் புரட்டாத அந்தப் பக்கத்தைப் புரட்டினார். ‘வாயே திறந்து செல், நாவே எழுந்து செல், கட்டே அவிழ்ந்து செல்.’ படித்துப் பார்த்தார், ஓர் எழுத்தும் தப்பில்லை. முதலில் திருத்தும்போதும் அதில் அவர் கை வைத்திருக்கவில்லை, திருத்த அதில் எதுவும் இருக்கவில்லை. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொழி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கண்ணீரோடு சொன்னார். செல், செல், செல்.

மொழி தட்டை நகர்த்தினாள். எழுந்தாள். கையைக் கழுவாமலே வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது, தன் கால்களை யாரோ அந்நியருடைய கால்களைப்போல் பார்த்தாள், கதவு நிலையை எச்சில் கையால் பிடித்தாள், கால்கள் இழுக்கவும் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. அம்மா என்று வாய் திறந்ததை டீச்சர் பார்த்தார். சத்தம் வரவில்லை. தெருவில் எல்லோரும் பார்த்தோம், பிள்ளை எங்கோ அவசரமாகப் போகிறது என்று நினைத்து வழி விட்டோம், பின்னால் ஓடி வந்த டீச்சரிடம் “என்ன டீச்சர், விசேஷமா?” என்றுகூடக் கேட்டோம். டீச்சர் நெருங்க நெருங்க அவள் கால்கள் வேகம் பிடித்தன. நின்றிருந்த தென்காசிப் பேருந்தில் ஏறினாள், அது கிளம்பிவிட்டது.

தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பேச்சியம்மாளுக்குப் போன் வந்தது. டீச்சர் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தால் மூச்சுக் காற்று மட்டும் வந்தது. மொழி திரும்பி வரப் பார்த்தாள். ஊர் எல்லை வளைவுக்கு வந்ததும் கால்கள் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. டீச்சர் தென்காசிக்குப் போனார். கடை வாசலில் இவர் ஏறினால் அவள் பின்வாசல் வழியாக, மாத்திரைப் பட்டையைக் கையில் பிடித்தபடியே, எதிர்த் தெருவுக்குப் போய்க்கொண்டிருப்பாள். கடைக்காரர் நல்ல மனிதர், “அம்மா, நீங்க வந்தாத்தான் இந்தப் புள்ள ஓடுது, வராம இருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கார்த்திகையில் அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே ஊர் அமைதியாக இருப்பதைக் கேட்டு நேராக அச்சகத்துக்கு நடந்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, புதுக் கண்ணால் வாய்க்கட்டுப் பக்கத்தைப் பார்த்தார், ‘நில்’ என்ற சொல்லின் மேல் விரல் நின்றது. கண் கட்டும் வழக்கத்தை அப்போதுதான் டீச்சருக்குச் சொன்னார். டீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

“இது எங்கப்பா கட்டுன கண்ணு டீச்சரம்மா,” என்றார் அண்ணாச்சி. “நான் தொட்டதே இல்ல. இங்க ‘சொல்’லுன்னு இருக்கணும். சொல்லுல ஒரு கால எடுத்துட்டாரு.”

ச எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பின்னால் இருக்கிற காலை எடுத்துவிட்டால் சொல் என்பது செல் என்று ஆகிவிடும், அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான், எந்த அகராதியும் அதைப் பிழை என்று சொல்லாது. அந்தப் பழைய மனிதர் கண்ணைக் கட்டியது வெளியே தெரியாதபடி கட்டியிருந்தார். பிழையாகத் தெரிகிற பிழையைத்தான் டீச்சருக்குத் திருத்தத் தெரியும். அவர் எடுத்த காலுக்குத் தமிழில் துணைக்கால் என்று பேர். அந்தத் துணைக்கால்தான் தன் மகளுக்கு முளைத்துக்கொண்டது என்று டீச்சர் அச்சகத்து நடுவில், காகிதக் கட்டுகளுக்கு இடையில் உட்கார்ந்து, பைண்டிங் பெண்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

சரியான சொல் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லோரும் உடனே அவிழ்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பொங்கல் கழியட்டும், தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். கணக்கு வாத்தியாரை அரைப்பரீட்சை முடிந்துதான் அவிழ்த்தார்கள். மாரிக்கனி மட்டும் அன்றைக்கே தன் மாமியார் முன்னால் நின்று சொல், சொல், சொல் என்றாள். மாமியார் வாய் திறந்தார், அத்தனை மாதத்து வசவையும் எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்ட மாரிக்கனியிடம், “சட்னியில உப்பு சாஸ்தியாப் போடுற, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்” என்றார். மாரிக்கனி அதைக் கேட்டு ஏன் அழுதாள் என்று எங்களுக்குப் புரிந்தது. சிலர் அவிழ்க்கப் போனபோது அவிழ்க்க வேண்டிய முகம் இறந்துபோயிருந்தது. அவர்களிடம் அந்த முடிச்சு நூல் இன்னும் இருக்கிறது, பூஜை மாடத்தில் வைத்திருக்கிறார்கள், எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை.

மொழியை அவிழ்க்க முகம் பார்க்க வேண்டும், முகம் பார்த்தால் கால் ஓடும். இதற்குப் பேச்சியம்மாள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். “கால் போறதுக்குத்தான துடிக்குது? போகட்டும். போய்க்கிட்டே இருக்கும்போது முகத்தப் பாருங்க.” தென்காசிப் பேருந்து நிலையத்தில், பின்கண்ணாடி உடைந்து மாற்றாமல் கிடந்த ஒரு பழைய வண்டியில், மொழி கடைசி இருக்கையில் பின்புறம் திரும்பி உட்கார்ந்துகொள்வது, டீச்சர் கட்டணக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் மறைந்து நிற்பது, வண்டி நகர்ந்ததும் வெளியே வருவது.

அப்படியே நடந்தது. வண்டி நகர்ந்தது, டீச்சர் வெளியே வந்தார், உடைந்த கண்ணாடிச் சட்டத்துக்குள் மகளின் முகம் இருந்தது, மெலிந்திருந்தது, காதில் புதுக் கம்மல் போட்டிருந்தாள். டீச்சர் ஓடினார். வாயே திறந்து சொல், நாவே எழுந்து சொல் என்று இரைக்க இரைக்க, ஆனாலும் ஓர் எழுத்துக் குறையாமல் சொல்லிக்கொண்டே ஓடினார், கையிலிருந்த நூலில் முடிச்சுத் தானாக நெகிழ்ந்தது.

“அம்மா,” என்றாள் மொழி. சத்தம் வந்தது. அவளுக்கே அது தூக்கிவாரிப்போட்டது. வண்டி வாசலைத் தாண்டித் திரும்பப்போகிறது, இனி எப்போது முகம் பார்ப்போமோ என்று நினைத்தாளோ என்னவோ, நலம் விசாரிக்கவில்லை, சண்டை போடவில்லை, அத்தனை மாதம் வாய்க்குள் வைத்திருந்த அந்த வார்த்தையை எடுத்துச் சட்டத்துக்கு வெளியே கத்தினாள்: “அப்பா சொன்னாரும்மா! ஒங்கம்மா கடைசி வரைக்கும் என்னைய…”

அந்த நேரம் பார்த்து எதிரே நுழைந்த ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

“…திச்சான்னு!”

வண்டி திரும்பிவிட்டது. டீச்சர் நடுச் சாலையில் நின்றார். மகளின் உதடுகள் மூடித் திறந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார், மகரம் என்பதில் சந்தேகம் இல்லை. மதிச்சா என்றாளா, மிதிச்சா என்றாளா? ஒரே ஓர் எழுத்தை ஹாரன் தின்றுவிட்டது. பேச்சியம்மாள் ஓடி வந்து, “என்ன டீச்சர் சொல்லுச்சு? கேட்டுச்சா?” என்று உலுக்கினாள். டீச்சர் தலையை ஆட்டினார், அது ஆமாம் என்ற ஆட்டலா இல்லை என்ற ஆட்டலா என்று பேச்சியம்மாளுக்குக்கூடத் தெரியவில்லை.

மொழி ஊருக்குள் வர முடியவில்லை. செல் என்று சொல்லிவிட்டதற்கு மாற்றாக வா என்று சொல்லுகிற மந்திரம் அந்தத் திரட்டில் இல்லை, அண்ணாச்சி வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகளிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டதால் போனில் பேசுகிறாள். சாயங்காலம் ஆனால் கூப்பிடுவாள், கடைச் சண்டை, நாய், மழை, எல்லாம் சொல்லுவாள். டீச்சர் தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார், அங்கிருந்து அவள் மூலத்தை வாசிக்க, இங்கே இவர் விரல் வைத்துக்கொண்டே வருகிறார். பளம் என்றால் திருத்துவதில்லை. அச்சகத்தில் மந்திரங்களுக்குக் கண் கட்டுகிற வேலையையும் அண்ணாச்சி இப்போது டீச்சரிடமே கொடுத்துவிட்டார், பிழையாகத் தெரியாத பிழையாகப் பார்த்து வைக்கிறார்.

ஒரு வார்த்தை கேட்டால் போதும். மொழி, அன்றைக்கு நீ சொன்னதில் ஓர் எழுத்து எனக்கு விழவில்லை, மறுபடி சொல் என்றால் அவள் சொல்லிவிடுவாள். ஊர் முழுக்க எழுத்துக்கு எழுத்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளாமல் ஒரு சுவரொட்டியைக்கூடத் தாண்டிப் போகாத அந்த அம்மாள் இதை மட்டும் கேட்கவில்லை. ம எழுத்தை மி ஆக்க அதன் தலையில் வளைகிற கோட்டுக்கு மேல்விலங்கு என்று பேர். சில நாள் சோற்றுத் தட்டின் ஓரத்தில் ஈர விரலால் ம என்று எழுதி, மேலே விலங்கைப் போடுவார், பார்த்துக்கொண்டிருப்பார், அழிப்பார். பேச்சியம்மாள் பார்த்திருக்கிறாள், பார்க்காததுபோல் பாத்திரம் எடுத்து வைத்திருக்கிறாள்.

போன மாதம் மொழியே கேட்டாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது, நாங்கள் சிலர் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போய் உட்கார்ந்திருந்தோம்.

“ஏம்மா, அன்னைக்குப் பஸ்சுல நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சுல்ல?”

டீச்சர் பேனாவை மூடினார். “கேட்டுச்சுடி.”

“பெறகு ஒன்னுமே சொல்லலையே நீ?”

டீச்சர் முன்னால் இருந்த தாளைக் கையால் நீவினார், அதில் எங்கும் சுருக்கம் இல்லை.

“என்னத்தச் சொல்ல,” என்றார். “சரியாத்தான் இருந்துச்சு. திருத்த ஒன்னுமில்ல.”

அந்தப் பக்கம் மொழி, விட்ட வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள், டீச்சரின் விரல் தாளில் அதே இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.